மூன்று மாதம் முடியட்டும்

விடியற்காலம் ஐந்து மணியிலிருந்து பிள்ளையைத் தூங்கவிடாதீர்கள் என்று சொன்னவர்களே இப்போது மத்தியானம் இரண்டரை மணிக்கு, தூங்க வையுங்கள், சீக்கிரம் தூங்க வையுங்கள் என்கிறார்கள். பிள்ளை என்ன சுவிட்சா, தட்டினால் அணைவதற்கு? செண்பகவல்லி இதை வாய்விட்டே கேட்டாள். மனசுக்குள் ஒன்றைச் சொல்லி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது என்று பாளையங்கோட்டையில் பாதிப்பேர் சொல்வார்கள், மீதிப்பேர் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். காது சோதிக்கிற பெண், ஜெபா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள், சிரித்துக்கொண்டே மிருதுளாவின் நெற்றியிலும் இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள். "தூங்கினாத்தான் மேடம் மெஷின் எடுக்கும். அசைஞ்சா எல்லாம் கோடு கோடா கிறுக்கிரும். மத்த பிள்ளைகளுக்குன்னா மருந்து குடுத்துத் தூங்க வச்சிருவோம். உங்க பாப்பாவுக்கு இருதயத்துல அந்தக் குழாய் இன்னும் மூடலைல்லா, டாக்டர் மருந்து வேண்டாம்னுட்டாங்க. வெளிய பெஞ்சுல வச்சு ஆட்டுங்க, தூங்கினதும் கதவைத் தட்டுங்க." ஏழு மாதப் பிள்ளை, தலையிலிருந்து மூன்று ஒயர் தொங்க, ரிப்பேருக்கு வந்த ரேடியோ மாதிரி அம்மாவின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு கொட்டக் கொட்ட விழித்தது. வல்லி பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், நடந்தாள். அவள் புருஷன் ஆதிமூலம் வெந்நீர் வாங்கப் போயிருந்தார். போனால் போன இடம். மின்வாரிய ஆபீசில் இருபது வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து, எங்கே வரிசை நின்றாலும் அதன் கடைசியில் போய் நிற்கிற மனுஷன். ராராரோ என்று ஆரம்பித்தவள், ரா என்ற இடத்திலேயே நிறுத்திக்கொண்டாள். யாருக்காகப் பாடுகிறேன்? எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த படத்தில் காதை நீளவாக்கில் அறுத்து உள்ளே நத்தை மாதிரி ஒன்றைக் காட்டியிருந்தார்கள். அந்த நத்தைக்காகவா? பாடாமல் முதுகைத் தட்டினாள். தட்டுவது தெரியும். அது தோல். தோலில் பழுதில்லை. தீபாவளிக்கு எதிர்வீட்டில் ஆயிரம் வாலாவைக் கொளுத்தியபோது இந்தப் பிள்ளை வாயில் பால் வழியத் தூங்கியது. "எம் பிள்ளை எவ்வளவு தைரியசாலி பாத்தியா!" என்றார் ஆதிமூலம். குக்கர் விசிலுக்கு அசையாது. ஒருநாள் பிள்ளைக்குப் பின்னால் நின்று வல்லி ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள். பிள்ளை திரும்பிற்று. "திரும்புறா, திரும்புறா!" என்று அவர் குதித்தார். ஜன்னல் வெயில் தாம்பாளத்தில் பட்டு எதிர்ச்சுவரில் ஓடிய வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பிள்ளை திரும்பியது என்று வல்லிக்குத் தெரியும். சொல்லவில்லை. இந்த ஒன்றேகால் வருஷமாக அவள் சொல்லாமல் விட்டவற்றை எல்லாம் வரிசையாக வைத்தால், அதற்கு முந்தின முப்பத்தொன்பது வருஷத்தில் சொல்லித் தீர்த்ததை விட நீளம்.

தூங்கு, என் ராசாத்தி, தூங்கு. கண்ணைப் பார், அப்படியே அவர் கண். பதினாறு வருஷம் கழித்து வந்த கண். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எங்கே போய் இலையில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரி சாம்பார் ஊற்றுவதற்குள் கேட்டுவிடுவாள், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று. "உண்டே, இன்னைக்கு உங்க வீட்டுல கல்யாணம், அதுக்குத்தானே வந்து உக்காந்திருக்கேன்" என்பாள் வல்லி. அப்புறம் அந்தப் பக்கத்து இலை வாயைத் திறக்காது. முதல் தடவை நின்றது கல்யாணமாகி நாலாம் வருஷம். இரண்டாம் மாதத்திலேயே ஆதிமூலம் ஆபீஸ் முழுக்க அல்வா கொடுத்தார், சூடாக, இலையில் வைத்து, நெய் ஒழுக. மூன்றாம் மாதம் அது போய்விட்டது. அல்வா தின்ற வாய்களெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தன. இரண்டாவது தடவை அல்வா இல்லை, ஆனால் போன் செய்து எல்லோருக்கும் சொன்னாள். அதுவும் பத்தாம் வாரம். மாமியார் சொன்னாள்: "நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா? மூணு மாசம் முடியட்டும், அதுக்குப் பொறவு வாயைத் திறன்னு. கண்ணு பட்டுப் போச்சு." வல்லி எகிறினாள். கண் பட்டால் கரு கலையும் என்று எந்த டாக்டர் புஸ்தகத்தில் இருக்கிறது என்று கேட்டாள். கான்வென்டில் எட்டாம் வகுப்பில் மூட நம்பிக்கைகளை எதிர்த்து இங்கிலீஷில் கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினவள் அவள். சிஸ்டர் லுட்வினா அதை அசெம்பிளியில் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள், கணீரென்று, ஒரு இடத்தில் கூடத் தடுக்காமல். அப்படிப்பட்டவள் மூன்றாவது தடவை, முப்பத்தொன்பதாவது வயதில், குளியலறையில் அந்தச் சின்னப் பட்டையில் இரண்டு கோடு விழுந்ததைப் பார்த்ததும் என்ன செய்தாள்? கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். ஏற்கெனவே தாழ் போட்டிருந்த கதவுதான், அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெளியே வந்து அவர் காதில் சொன்னாள். சொல்லிவிட்டு, "யாருக்கும் மூச்சு விடக் கூடாது. உங்க அம்மாவுக்கும் சரி, எங்க அம்மாவுக்கும் சரி. மூணு மாசம் முடியட்டும்" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததில் அவளுக்கே வெட்கம்தான். ஆனால் வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா? கட்டுரைக்குக் கொடுத்த பரிசு ஒரு ஜாமெட்ரி பெட்டி, அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிள்ளை வேண்டும். அவ்வளவுதான். அதற்கு வாயைக் கட்ட வேண்டுமென்றால் கட்டுகிறேன். மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில்தான் எல்லாம் உருவாகிறது என்று பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, போனில் தேடித் தேடிப் படித்தாள். இருதயம், கண், இந்த நத்தை.

"என்னா? இந்தக் காதா, அந்தக் காதா?" என்று ஒரு குரல் நடையை அதிர வைத்தது. பெரியவர் ஒருவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். "ரெண்டு காதும்தான் மாமா. உக்காருங்க" என்றாள். "கூட்டமா? இங்க எங்கட்டி கூட்டம்? ஒரே ஒரு பொம்பளதானே இருக்கா!" என்று அவர் வல்லியைக் காட்டிக் கத்தினார். வல்லிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் சங்கடத்தோடு சிரித்தாள். "தப்பா எடுத்துக்கிடாதீங்கக்கா. காதுல வைக்கிற மெஷின் வாங்க வந்திருக்கோம். அவங்க மகன் துபாய்ல இருந்து போன் பேசினா, மேல் வீட்டுக்காரன்தான் பதில் சொல்லுதான்." பேர் சுபலட்சுமி என்றாள், சீவலப்பேரிப் பக்கம் என்றாள், கேட்காமலே எல்லாவற்றையும் சொல்கிற பெண். கையில் ஒரு எலுமிச்சம்பழம். பேச்சுக்குப் பேச்சு அதை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்துகொண்டாள். கான்டீனிலிருந்து வெங்காயம் வதக்குகிற வாடை வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், மற்ற கை தானாகப் போய் அடிவயிற்றின் மேல் இருந்தது. இருந்தது என்று தெரிந்ததும் திருட்டுப் பொருளைத் தொட்ட மாதிரி எடுத்துக்கொண்டாள். "என்ன, மசக்கையா?" என்றாள் வல்லி. வாய், அதுபாட்டுக்குக் கேட்டுவிட்டது. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. பஸ்ல வந்ததுல பித்தம்" என்று சிரித்தாள் சுபலட்சுமி, மாமனாரை ஒரு தடவை பார்த்துக்கொண்டு. அவருக்கு எங்கே கேட்கப்போகிறது! இருந்தாலும் பார்த்தாள். அந்தச் சிரிப்பை வல்லிக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்த சிரிப்பு. "பாப்பா தூங்கலையாக்கா? எங்க அக்கா பிள்ளைகளை எல்லாம் நான்தான் தூங்க வைப்பேன், என் தோள்ல போட்டா அஞ்சு நிமிஷம். கொண்டாங்க" என்று எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள். மிருதுளாவும், அதற்காகவே காத்திருந்த மாதிரி, வாயெல்லாம் எச்சில் வழிய அவளைப் பார்த்துத் தாவிற்று. விரல் அந்தப் பெண்ணின் கன்னத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது வல்லி பிள்ளையை வெடுக்கென்று இழுத்தாள். "கையை எடு!" நடையில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் கூட நின்று பார்த்தாள். சுபலட்சுமியின் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. அப்புறம் மடங்கியது. "இல்லக்கா… கை கழுவிட்டுத்தான் வந்தேன்" என்றாள், கண்ணில் நீர் முட்ட. போய்ப் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டாள். "என்னவாம் அந்தப் பொம்பளைக்கு?" என்று பெரியவர் கத்தினார். அவள் அவர் கையை அமுக்கினாள்.

சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குச் சளி, ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பொய்க்கும் வாய் வரவில்லை, சுள்ளென்று விழத்தான் வந்தது. அது கை வந்த வித்தை. பிள்ளை பிறந்து மூன்றாம் வாரம், காதுச் சோதனையில் முதல் தடவை தேறாமல், இருதயத்திலும் ஏதோ சத்தம் கேட்கிறது என்றதும், குழந்தைகள் டாக்டரம்மா வல்லியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "மாசமா இருக்கும்போது, முதல் மூணு மாசத்துல, காய்ச்சல், உடம்புல சிவப்பாத் தடிப்பு, காதுக்குப் பின்னால நெறி கட்டினது, இப்படி ஏதாவது?" "இல்லை." டாக்டரம்மா கேள்வியை முடிப்பதற்குள் சொன்னாள். "யோசிச்சுச் சொல்லுங்க." "இல்லைன்னா இல்லைதான் டாக்டர்." அவர் ஒரு ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். ருபெல்லாவாக இருக்கலாம் என்றார். அப்படி இருந்தால் பிள்ளையின் எச்சிலிலும் சிறுநீரிலும் அந்தக் கிருமி ஒரு வருஷம் வரைக்கும்கூட இருக்கும், பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை, பிள்ளைத்தாச்சிகள் மட்டும் கிட்ட வரக் கூடாது, அதிலும் ஊசி போடாதவர்கள், முதல் மாதங்களில் இருப்பவர்கள் வரவே கூடாது என்றார். அந்தச் சீட்டு இன்னும் கைப்பையில் இருக்கிறது, நாலாக மடித்து, தாழம்பூக் குங்குமப் பொட்டலத்துக்குப் பக்கத்தில். பார்த்து என்ன ஆகப் போகிறது? பார்த்தால் எழுதிக் கையில் கொடுப்பார்கள். எழுதினால் ஆதிமூலம் வாசிப்பார். எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார். அவர் கேட்காவிட்டால் அவர் அம்மா கேட்பாள். ஒரு கேள்விக்கு மேல் தாங்காது அவள் தாழ் போட்டு வைத்திருக்கிற கதவு. ஊசி என்றாரே, அந்த ஊசி! ஒன்பதாம் வகுப்பில் கான்வென்டுக்கு ஒரு லேடி டாக்டர் வந்து, நாளைக்கு நீங்களெல்லாம் தாயாகும்போது உதவும், ஒரே ஒரு ஊசி, விருப்பமுள்ளவர்கள் வீட்டில் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று தாள் கொடுத்தார். வல்லி எழுந்து நின்று, "நான் கல்யாணமே பண்ணிக்கிறதா இல்லை சிஸ்டர், எனக்கு எதுக்கு?" என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிஸ்டர் லுட்வினாவும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அந்தத் தாளை நாலாகக் கிழித்தாள். ஒரு மணி நேரம் கை வலித்திருக்கும். தோழிகளெல்லாம் மறுநாள் கையைத் தூக்க முடியாமல் நடந்தார்கள், அவள் அவர்களைக் கேலி செய்துகொண்டே எறிபந்து விளையாடினாள். தூங்கு மகளே. தூங்கினால்தானே தெரியும். தெரிந்துதான் என்ன, தூங்கு.

அதையும் மன்னித்துவிடலாம், பதினாலு வயது. மன்னிக்க முடியாதது அந்த வேப்பிலைதான். கீழ் வீட்டுப் புஷ்பத்தின் வாசலில் கொத்தாகச் செருகியிருந்தது, ஈரம் சொட்ட. புஷ்பம் என்றால் தங்கபுஷ்பம், இவளை விடப் பத்து வயது சின்னவள், இவள் திட்டினால் சிரிக்கிற ஒரே ஜீவன். அவள் பையன் முகிலனுக்கு நாலரை வயது. கொரோனாக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்து கிடந்ததில் அவனுக்குப் பாதி ஊசி விட்டுப்போயிற்று, அப்புறம் யாரும் அதை நினைக்கவில்லை. படி இறங்கிக்கொண்டிருந்த வல்லியை அவள்தான் கூப்பிட்டாள். "யக்கா, ஒரு அரை மணி நேரம் இவன்கூட இருக்கீங்களா? இளநியும் நுங்கும் வாங்கிட்டு ஓடி வந்துருதேன். ஒண்ணுமில்ல, விளையாட்டு அம்மைதான், மூணு நாள்ல இறங்கிரும். உங்களுக்குச் சின்னதுல அம்மை போட்டிருக்குல்லா, அதான் தைரியமாக் கேக்கேன். வேற யாரையும் கூப்பிட முடியாது." சின்னதில் வந்தது வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியாது. அப்போதும் தெரிந்தது ஒன்று உண்டு: பிள்ளைத்தாச்சி அம்மை வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. அது ஊரில் எல்லோருக்கும் தெரியும், கான்வென்டில் படித்தவளுக்கும் தெரியும். புஷ்பம் விடவில்லை, முகத்தை உற்றுப் பார்த்தாள். "யக்கா, முகமெல்லாம் ஒரு மாதிரி வெளிறிக் கிடக்கே. விசேஷம் எதுவும் இருக்கா? இருந்தாச் சொல்லிருங்க, உள்ள வரக் கூடாது." நேராகக் கேட்டாள். தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி கேட்டாள். ஆமாம்ட்டி, ஏழு வாரம், என்று சொன்னால் போதும், அந்தப் பெண் இவளைத் தள்ளிக்கொண்டு மாடிப்படி வரைக்கும் கொண்டுவிட்டிருப்பாள். வல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, நாற்பது வயசுக் கிழவிக்கு என்னட்டி விசேஷம்? போ, போய்ட்டு வா. வெயில் ஏறப் போவுது." வேப்பிலையைக் கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். பையன் பாயில் படுத்திருந்தான், கன்னமெல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்பு. வந்து மடியில் தலை வைத்துக்கொண்டான். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். கதை சொல்லச் சொன்னான், சொன்னாள். நடுவில் அவள் கழுத்துக்கு நேரே தும்மினான். "சாரி பெரியம்மா" என்றான். அப்படியே தூங்கிப்போனான், கையால் அவள் சேலையைப் பிடித்தபடி. அரை மணி நேரத்தில் புஷ்பம் வந்துவிட்டாள். வல்லி எழுந்திருக்கவில்லை. இதை யாருக்கும் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது: அவள் மேலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், யாரும் கேட்காமல், சுகமாக. மடியில் ஒரு பிள்ளை, உள்ளே ஒரு பிள்ளை. இரண்டின் கனத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழாம் நாள் அவள் காதுக்குப் பின்னால் நெறி கட்டியது. மார்பில், கையில், சூடு கிளப்பின மாதிரி சிவப்பு. பவுடர் போட்டுக்கொண்டாள், முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டாள். மூன்று நாளில் மறைந்தது. "என்ன முழுக்கை?" என்று ஆதிமூலம் கேட்டார். "ஃபேஷன்" என்றாள். பத்தாம் வாரம் டாக்டரிடம் போனபோது உடம்பு பளிங்கு மாதிரி இருந்தது. மூன்று மாதம் முடிந்த அன்று முதல் ஆளாகப் புஷ்பத்திடம்தான் சொன்னாள். அவள் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே திடீரென்று தலையைத் தூக்கி விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "யக்கா, அப்போ முகிலனுக்கு அம்மை போட்டப்போ…" "அது அதுக்கு முந்திட்டி, லூசு" என்றாள் வல்லி. இப்போதும் சாயங்காலமானால் அந்தப் பெண்தான் வந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். காதோரம் வாயை வைத்து என்னென்னவோ கொஞ்சுகிறாள். வல்லி அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

தோளில் தலை கனத்தது. தூங்கிவிட்டது. நிஜமாகவே தூங்கிவிட்டது, வாய் பிளந்து. வல்லி கதவைத் தட்டினாள். உள்ளே சுவரெல்லாம் துணியும் பஞ்சும் அடித்த சின்ன அறை. கதவு மூடியதும் கான்டீன், நடை, பெரியவர் எல்லாம் அறுந்துபோயின, அவளுடைய மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. நாற்காலியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெபா ஒயர்களைப் பெட்டியில் செருகி, வலது காதுக்குள் மஞ்சள் பஞ்சு வைத்த குழாயைத் திணித்தாள். "குறைஞ்ச சத்தத்துல ஆரம்பிப்பேன் மேடம். நீங்க அசையாம இருங்க." திரையில் பச்சைக் கோடு ஓடிற்று. வல்லிக்கு அதைப் படிக்கத் தெரியாது, அதனால் ஜெபாவின் முகத்தைப் படித்தாள். ஒரு பெண் முகத்தைப் படிக்க அவளுக்கு எந்த மெஷினும் வேண்டாம். ஜெபா பொத்தானை அழுத்தினாள், காத்திருந்தாள். அழுத்தினாள், காத்திருந்தாள். சரிந்து கிடந்த சின்னக் கழுத்தில் நரம்பு துடித்தது. எவ்வளவு சின்னக் கழுத்து. முதலில் ஒன்றும் இல்லை, பிறகு வல்லிக்கே கேட்க ஆரம்பித்தது: டிக்டிக்டிக்டிக், காஸ் லைட்டரை விடாமல் அழுத்துகிற மாதிரி. பஞ்சையும் மீறி, பிள்ளையின் காதிலிருந்து கசிந்து, இரண்டடி தள்ளியிருந்த அவள் காதுக்கு வந்தது. இன்னும் பலமாக. இன்னும். என் காதுக்கு எதுக்கு வருகிறாய், என்று அதனிடம் சொன்னாள், உள்ளே போ, அந்தப் பக்கம் போ. மிருதுளா உதட்டைச் சப்பினாள். கேட்டுவிட்டாள்! இல்லை, பால் கனவு. இடது காதுக்கு மாற்றினாள் ஜெபா. மறுபடி அதே டிக்டிக். கோடு, சமமாக, மழை பெய்யாத வயல் மாதிரி. "எவ்வளவு வச்சிருக்க?" என்றாள் வல்லி. "தொண்ணூறு டெசிபல் மேடம்." "கூட்டு." ஜெபா திரும்பிப் பார்த்தாள். சின்னப் பெண், அவளுக்குப் பொய் சொல்லப் பயிற்சி கொடுக்கவில்லை. "இந்த மெஷின்ல அதுக்கு மேல கிடையாது மேடம். டாக்டர் பாத்துட்டுச் சொல்வாங்க. இப்ப நல்ல நல்ல மெஷின் இருக்கு, ஆபரேஷன் இருக்கு, சீக்கிரமா ஆரம்பிச்சா நல்லாப் பேசுதாங்க…" அவள் சொல்லிக்கொண்டே நெற்றியிலிருந்து பசையைத் துடைத்தாள், பஞ்சை நனைத்து, மெதுவாக. வல்லி தலையாட்டினாள். பேசுவாள். என் மகள் பேசாமலா போவாள்? ஆனால் இத்தனை மாதமாக இவளிடம் பேசினேனே, ராத்திரியும் பகலும், திட்டினது, கொஞ்சினது, உங்க அப்பன் இருக்கானே அவன் ஒரு அப்பாவி என்று கதை சொன்னது. அதெல்லாம் எங்கே போயிற்று?

வெளியே ஆதிமூலம் வெந்நீர்ப் பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும், பிளாஸ்க்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், அவள் தோளில் கையைப் போட்டார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் வல்லி" என்றார். "ஏழு மாசமா சொல்லணும் சொல்லணும்னு… எங்க அப்பாவுக்கு ஒரு அண்ணன், பேட்டையில இருந்தாவ. நம்ம கல்யாணத்துக்கு முந்தியே செத்துட்டாவ. பிறவியிலேயே காது கேக்காது, பேச்சும் கிடையாது. பொண்ணு பாக்க வந்தப்போ உங்க வீட்டுல சொல்ல வேண்டாம்னு அம்மா சொல்லிட்டா. எங்க ரத்தம்தான் வல்லி. உன்னைப் பதினாறு வருஷம் காக்க வச்சு, கடைசியில எங்க ரத்தம்…" வல்லி அவரைப் பார்த்தாள். பேட்டையில் செத்துப்போன ஒரு மனுஷர், அவள் பார்த்தேயிராதவர், கையை நீட்டி அவள் தலைச்சுமையை இறக்கி வாங்கிக்கொள்ள நிற்கிறார். கொடுத்துவிடலாம். அவருக்கு என்ன நஷ்டம்? மாமியார் வாய் ஆயுசுக்கும் திறக்காது. புஷ்பம் சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவாள். இவர் அழுவார், அழுது முடித்து இன்னும் அன்பாக இருப்பார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒன்றேகால் வருஷத்தில் அதுவும் பழகித்தான் போயிற்று. "யக்கா" என்று பக்கத்தில் குரல் கேட்டது. சுபலட்சுமி. பட்ட அவமானத்தை எல்லாம் மறந்து, கண் கலங்கி, எலுமிச்சம்பழத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்து நின்றாள். "கோவிச்சுக்கிடாதீங்கக்கா. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் உக்காந்து பேசுங்க. பிள்ளையை நான் வச்சிருக்கேன். தூங்குற பிள்ளைதானே." கைகள் நீண்டன. வல்லியின் வாயில் பழைய சுள்ளென்ற சொல் தயாராக இருந்தது. அதை விழுங்கினாள். "உனக்கு எத்தனை வாரம்?" என்றாள். "ஐயோ, அதெல்லாம் இல்லக்கா, பித்தம்னு…" "பொய் சொல்லாதட்டி. நானும் இப்படித்தான் சிரிச்சேன்." அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. "என் பிள்ளை எச்சில்ல இருக்கு அது. ருபெல்லா. இவ வயித்துல ஏழு வாரமா இருக்கும்போது அம்மை போட்ட வீட்டுக்குள்ள போய் உக்காந்தேன். விசேஷமான்னு வாசல்லயே கேட்டா. இல்லைன்னு சொன்னேன். மூணு மாசம் முடியாம யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. எனக்கு உடம்பெல்லாம் போட்டுச்சு, அதையும் மறைச்சேன். டாக்டர் கேட்டப்பவும் இல்லைன்னேன். இப்ப இவளுக்குக் காது இல்ல. நீ கிட்ட வராத. பெஞ்சுல நான் தொட்ட இடத்தைத் தொட்டிருந்தா கை கழுவு. இன்னைக்கே, இங்கயே, உன் டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லு, ரத்தம் குடுத்துப் பாரு. சின்னதுல இந்த ஊசி போட்டாங்களான்னு உங்க அம்மாகிட்டக் கேளு. மூணு மாசம் முடியட்டும்னு உக்காந்திராத." தன் குரல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று முடித்த பிறகுதான் தெரிந்தது. கணீரென்று, ஒரு இடத்தில் கூடத் தடுக்காமல் வந்திருந்தது. "என்னம்மா சொல்லுது அது?" என்று பெரியவர் கத்தினார். சுபலட்சுமியின் கை அடிவயிற்றுக்குப் போயிற்று, இந்தத் தடவை யாரையும் பார்க்காமல், அங்கேயே இருந்தது. பின்னால் ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. அவ்வளவுதான். அவ்வளவு சுலபம் அது. வல்லியின் தோளில் இருந்த கை எடுக்கப்படவில்லை, அழுத்தவும் இல்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல அங்கே கிடந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"யார் வீட்டுல?" என்று கேட்டார் ஆதிமூலம், மிக மெதுவாக, பிள்ளை விழித்துக்கொண்டுவிடும் என்பதுபோல.